அப்பா இல்லைங்க

"பக்கத்துல யாரோ மூச்சு விடுற சத்தம் கேக்குதே, யாருண்ணே அது?" என்று டாக்டர் ஒருமுறை ரேடியோவில் கேட்டார். அப்பா மைக்கை என் பக்கம் நீட்டினார். நான் எழுந்து சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன்.

"என் பொண்ணுதான் டாக்டர். வீட்டுக்கு யாராவது வந்தா சுவரோட சுவரா ஒட்டிக்குவா. உங்க குரலுக்கே ஓடிட்டா" என்று அப்பா சிரிப்பது அங்கே கேட்டது.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அப்பாவைப் பற்றியது.

அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசும் ஹாம் ரேடியோ அவருடைய பொழுதுபோக்கு. முறையாகப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர். கேட்பதற்கு ஒரு பெட்டி, பேசுவதற்கு ஒரு பெட்டி, இரண்டையும் அவரே செய்திருந்தார். தினமும் சாயங்காலம் அவரைப் போன்ற ரேடியோக்காரர்கள் பல ஊர்களிலிருந்து ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். தபால்காரர் என்று ஒருவர்தான் சபையை நடத்துவார். அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட, கூப்பிடப்பட்டவர் மட்டும் பேச வேண்டும். இருமல் என்று ஒருவர் இருந்தார். பேசுவதற்கு முன்னால் இருமுவார். "பேரச் சொல்லாதய்யா, நீ யாருன்னு தெரிஞ்சிடுச்சு" என்பார் தபால்காரர். அப்பாவை எல்லோரும் காயில் அண்ணன் என்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. ஆனால் யாருக்கு என்ன மாத்திரை, யார் வீட்டில் என்ன சண்டை என்பது எல்லோருக்கும் அத்துப்படி.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. கத்தி என்றால் பயம், அதனால் தள்ளிப்போட்டார். கடைசியில் பகலா இரவா என்று மட்டும் தெரிந்தது. ஒருநாள் பெட்டியின் பின்னால் தடவிப் பார்க்கப் போய் ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. அதிலிருந்து பின்பக்கம் கை வைக்கமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டாள். வேறு ஆள் இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

இதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்பாவின் கண் மங்கியது எனக்குக் கதவு திறந்த மாதிரி இருந்தது. இதைச் சொல்வதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

என் வேலை கேபிளை மாற்றுவது. பேசும் பெட்டியைத் தினமும் சுருதி சேர்க்க வேண்டும். நேராக ஏரியலில் வைத்துச் செய்தால் மற்றவர்கள் பேச்சின் நடுவே ஊளையிடும், அது மரியாதை இல்லை. அதற்காக ஒரு பழைய பெயின்ட் டின்னில் எண்ணெய் ஊற்றி, உள்ளே ஒரு மின்தடையை முக்கி வைத்திருப்பார்கள். டம்மி என்று பெயர். பெட்டிக்கு அதுவும் ஏரியல் மாதிரியேதான். மீட்டர் ஊசி அப்படியே ஏறும். ஆனால் ஒரு சொல்லும் வெளியே போகாது, எல்லாம் எண்ணெயில் சூடாகிக் கரைந்துவிடும். சுருதி சேர்ந்ததும் கேபிளை டம்மியிலிருந்து கழற்றி ஏரியலில் மாட்ட வேண்டும்.

"மாத்திட்டியாம்மா?" என்பார் அப்பா.

"மாத்திட்டேம்பா."

கேட்கும் பெட்டிக்கு மொட்டைமாடியில் தனிக் கம்பி இருந்தது. அதை யாரும் தொட வேண்டியதில்லை.

ஒருநாள் சபையில் டாக்டர், "அண்ணே, எங்க ஆஸ்பத்திரியில ஒரு கட்டில் காலியாகுது. நானே பண்றேன். முத்திப்போன புரை, இன்னும் தள்ளினா உள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துடும். செத்தா செத்ததுதான். நாளைக்குச் சாயங்காலம் சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கார் அனுப்புறேன்" என்றார். அவர் கண் டாக்டர்.

"கண்ணு தெரிஞ்சா இவர் மூஞ்சிய இவரே பாக்கணுமே, அத நெனச்சீங்களா டாக்டர்?" என்றார் இருமல்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பெட்டியை அணைத்த பிறகு என் தலையைத் தடவி, "கண்ணு வந்ததும் மொத வேலை, உன்னை மறுபடி பள்ளிக்கூடத்துல சேக்குறதுதான். எனக்காக எவ்வளவு விட்டுட்ட" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவர், "மாத்திட்டியாம்மா?" என்று கேட்டார். "மாத்திட்டேம்பா" என்றேன். மாற்றவில்லை. நான் செய்ததாக எதுவுமில்லை. செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

"காயில் அண்ணே, வாங்க" என்றார் தபால்காரர்.

"வந்துட்டேன். டாக்டர், எனக்குச் சம்மதம். காரை அனுப்புங்க" என்றார் அப்பா.

"காயில் அண்ணே? இருக்கீங்களா?"

"இருக்கேன் இருக்கேன்."

இருமல் இருமினார். "கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருப்பாரு. கத்தின்னா சும்மாவா?"

"ஒளியலடா, இங்கதான் உக்காந்திருக்கேன்" என்று அப்பாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊசி எப்படி இருக்கு?" என்றார்.

"முழுசா ஏறுதுப்பா." அது உண்மை.

ஒரு நாள் போதும் என்றுதான் நினைத்தேன். கட்டில் வேறு யாருக்காவது போய்விடும், பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் டாக்டர் கட்டிலை விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் கூப்பிட்டார். அப்பா தினமும் பதில் சொன்னார். கடைக்குப் போய் டாக்டருக்கு போன் பண்ணச் சொன்னார். நான் சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பி, "லைன் கெடைக்கலப்பா" என்றேன். அது ஒன்று பொய். அதை நான் மறைக்கவில்லை.

அப்புறம் டாக்டர், அவரே நேரில் வந்து பார்க்கப்போவதாகச் சொன்னார். மறுநாள் மத்தியானம் அப்பா அசந்து தூங்கும்போது நான் கேபிளை ஏரியலில் மாட்டி, பெட்டிகளைச் சத்தம் குறைத்துப் போட்டேன். சபை இல்லாத நேரத்திலும் டாக்டரும் தபால்காரரும் அப்பாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து மனப்பாடம் செய்திருந்தேன். அப்பா இல்லைங்க, சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்காரு, கண் ஆபரேஷன் அங்கேயே பண்ணிக்கிறாராம். இதுதான். வாழ்க்கையில் முதல்முறையாக மைக்கை அழுத்தினேன்.

"அப்பா இல்லைங்க" என்றேன்.

அதற்கு மேல் வரவில்லை. வகுப்பில் எழுந்து நின்ற மாதிரிதான். விரலை எடுத்தேன்.

பிறகு டாக்டர், "எப்பம்மா?" என்றார்.

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. மைக்கை அழுத்தினேன், மூச்சுதான் வந்தது.

"அழாதம்மா" என்றார் தபால்காரர். அவர் குரல்தான் உடைந்திருந்தது. "கூட யாராவது இருக்காங்களா? இங்கேருந்து கெளம்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்குமே, மொகம் பாக்க முடியாதே."

நான் அழவில்லை. திருத்தியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவளிடம் இன்னொரு வாக்கியம் கேட்கிறீர்கள். நான் சொன்ன இரண்டு சொல்லில் பொய் எங்கே இருக்கிறது? அவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள். கேபிளை டின்னுக்கு மாற்றிவிட்டு அப்பாவுக்கு வெந்நீர் வைக்கப் போனேன்.

அன்று சாயங்காலம் தபால்காரர் யாரையும் வரிசையாகக் கூப்பிடவில்லை. "நம்ம காயில் அண்ணன் தவறிட்டாரு. அவங்க பொண்ணே சொல்லிச்சு. ஒரு நிமிஷம் யாரும் மைக்கை அழுத்தாதீங்க" என்றார்.

அப்பா முதலில் சிரித்தார். "என்னடா இது, உயிரோட இருக்கறவனுக்கு?" என்றார். பிறகு மௌனம் தொடங்கியது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருக்கும் நேரம் அது. அதைவிடச் சுத்தமான அலைவரிசை கிடைக்காது என்று அப்பாவுக்குத் தெரியும். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"காயில் பேசுறேன். இருக்கேன்பா. யாருக்காவது கேக்குதா? தபால்காரரே, இருக்கேன்."

டின் அசையாமலிருக்க அதன்மேல் கை வைத்திருந்தேன். அப்பா பேசப் பேச அது சூடேறியது. சூடு பொறுக்காமல் கையை எடுத்துக்கொண்டேன்.

நிமிஷம் முடிந்ததும் இருமல் பேசினார். இருமவில்லை. "அவர் காயில் கட்டி லாரியில அனுப்பின மோட்டார்லதான் எங்க வீட்ல இன்னும் தண்ணி ஏறுது" என்றார்.

அப்பா முகம் என் பக்கம் திரும்பியது. "அவங்க பொண்ணு சொல்லிச்சுன்னா, யாரு பொண்ணு?"

"வேற யாரையோ சொல்றாங்களா இருக்கும்பா."

"ஊசி?"

"நல்லா ஏறுதுப்பா."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாகவே இருந்தன. அப்பா தினமும் கொஞ்சம் கூப்பிடுவார், பிறகு பெட்டியை அணைத்துவிட்டு என்னோடு பேசுவார். அதுவரை சாயங்காலங்களில் அவர் எனக்குக் கிடைத்ததில்லை. அம்மாவைப் பற்றிச் சொன்னார். நான் செய்தித்தாள் படித்துக் காட்டினேன், அவர் முன்னால் எனக்குக் குரல் தடையில்லாமல் வந்தது. நடுவில் கண்வலி வந்தது. இடது கண் சிவந்து, தலை பிளக்கிற மாதிரி வலி, வாந்தி. ஈரத்துணி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வேறு எந்தப் பெண் இப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் பேசி முடித்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடியவர் கை டின்மேல் பட்டது. எடுத்துவிடுவார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. காய்ச்சல் பார்ப்பது போல வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் காலையில் தலைவலி மாத்திரை வாங்கிவரச் சொன்னார். வாங்கி வந்தபோது கேபிள் ஏரியலில் இருந்தது. அப்பாவின் விரல்களில் ஒரு கருகல் கோடு ஓடியிருந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பொத்தான் ஒன்று மாறி இருந்தது. பொத்தானைச் சரிசெய்யப் போனேன். கையால் மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் டாக்டர் வந்தார். குரலுக்குப் பொருந்தாத சின்ன உருவம். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு டார்ச்சை எடுத்து வலது கண்ணில் அடித்தார், இடது கண்ணில் அடித்தார், மறுபடியும் இடது கண்ணுக்கே வந்தார்.

"அண்ணே, வெளிச்சம் தெரியுதா?"

"எங்க டாக்டர்? அடிங்க, பாக்குறேன்" என்றார் அப்பா.

டாக்டர் டார்ச்சை அணைத்தார். "இன்னொன்னைக் காப்பாத்தப் பாக்கலாம்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "டீ போடட்டுங்களா?" என்றேன். முழு வாக்கியம், தடங்கலே இல்லை. அவர் டார்ச்சைப் பையில் வைத்தார்.

அப்பா எழுந்தார். கைத்தடியை நீட்டினேன். அவர் டாக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டார். செருப்பை அவர் காலடியில் திருப்பி வைத்தேன், காலால் தடவிப் போட்டுக்கொண்டார். கீழே வாசல்வரை போனாலும் "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். இரண்டு பேரும் படியிறங்கினார்கள். டாக்டர் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே போனார். அப்பா குரல் கேட்கவில்லை. கார்க் கதவு மூடியது.

வலியில் மறந்திருப்பார். என்மேல் கோபம் இருந்திருந்தால் ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பார். எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அப்பா.