தீந்துபோச்சு சார்

மச்சினி: சிரிக்காம சொல்லுங்க மாமா. ஜன்னலோர மேஜைக்காரர் என்ன கேட்டாரு?

மாமா: ‘வாட் டூ யூ ரெக்கமெண்ட்?’னு கேட்டாரு.

மச்சினி: நீங்க?

மாமா: ‘தீந்துபோச்சு சார்’னேன்.

மச்சினி: ஐயோ... ரெக்கமெண்ட் தீந்துபோச்சா!

மாமா: ஏதோ சாப்பிடற ஐட்டம்னு நெனச்சேன். நம்ம மெனுவுல வாயில நுழையாத பேரு கொஞ்சமாவா இருக்கு?

மச்சினி: இத்தனை வருஷமா சர்வரா இருக்கீங்க! அவரு என்ன பண்ணாரு?

மாமா: என்னை ஒரு மாதிரி பாத்தாரு. ரொட்டியும் ஆம்லெட்டும் சாப்பிட்டுட்டு, சாயங்காலம் வரேன்னு போயிட்டாரு.

மச்சினி: அக்கா உங்களை எப்படித்தான் கட்டிக்கிட்டாளோ!

மாமா: அவ என்கிட்ட இங்கிலீஷ்ல பேசலையே.

மச்சினி: நல்லா பேசுங்க. என் பூசணி சூப் சட்டி நிறைய அப்படியே கிடக்கு. மத்தியானம் ஒரு கிண்ணம்கூடப் போகல. நீங்க என்னடான்னா... சரி, வாங்க இங்க. பாடம் நடத்தறேன்.

மாமா: தட்டைத் துடைச்சுக்கிட்டே கேக்கறேன். சொல்லு டீச்சர்.

மச்சினி: ரெக்கமெண்ட்னா, ‘இது நல்லாருக்கும், நம்பிச் சாப்பிடுங்க’ன்னு...

மாமா: சிபாரிசு பண்றது.

மச்சினி: அட! தெரிஞ்சே வச்சிருக்கீங்களே?

மாமா: இல்ல... நீ சொல்ற தோரணையில புரிஞ்சுது.

மச்சினி: ம்... ‘ஐ ரெக்கமெண்ட் தி பம்ப்கின் சூப்.’ சொல்லுங்க.

மாமா: ஐ ரெக்கமெண்ட் யூ டு...

மச்சினி: நடுவுல யூவும் வேண்டாம், டுவும் வேண்டாம். எதைச் சொல்லணுமோ அதை நேரா பக்கத்துல போடுங்க.

மாமா: ஐ ரெக்கமெண்ட்... தி ஃபிஷ்.

மச்சினி: சூப்!

மாமா: ஐ ரெக்கமெண்ட் தி ஆம்லெட்.

மச்சினி: சூப்புன்னு வாயில வராதா?

மாமா: ஆம்லெட் சுலபமா வருதே.

மச்சினி: விளையாடாதீங்க மாமா. நேத்து அந்தம்மா ‘ஒரே உப்பு’ன்னு கிண்ணத்தைத் திருப்பி அனுப்பினதும் முதலாளி என்ன சொன்னாரு? நீங்களும் கேட்டீங்கல்ல?

மாமா: கேட்டேன்.

மச்சினி: இன்னொரு கிண்ணம் திரும்பி வந்தா பழைய சமையல்காரரைக் கூப்பிட்டுக்குவேன், நீ பழையபடி வெங்காயம் உரிக்கப் போன்னாரு. அந்தம்மா நாக்குல கோளாறு. அதுக்கு நான் என்ன பண்றது?

மாமா: ம்...

மச்சினி: என்ன ம்?

மாமா: ஒரு சந்தேகம் டீச்சர். நாம சாப்பிட்டுப் பாக்காததை ரெக்கமெண்ட் பண்ணலாமா?

மச்சினி: கூடவே கூடாது. அது வெறும் வியாபாரம். நம்ம நாக்குக்குப் பிடிச்சிருக்கணும். அப்பதான் அந்த வார்த்தையைச் சொல்லலாம்.

மாமா: அப்ப இந்தச் சூப்பை நீ ரெக்கமெண்ட் பண்ணு, பாப்போம்.

மச்சினி: ஐ ரெக்கமெண்ட்...

மாமா: சொல்லு.

மச்சினி: இருங்க, அடுப்பைக் குறைச்சிட்டு வரேன்.

மாமா: குறைச்சுத்தான் இருக்கு.

மச்சினி: காலையில ருசி பாத்தேனே! நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?

மாமா: கரண்டியை வாயில வச்சே. வச்ச வேகத்துல ‘சரியா இருக்கு’ன்னே. முன்னெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு நிப்பே. பக்கத்துல இடி விழுந்தாலும் உனக்குக் கேக்காது.

மச்சினி: காலையில ஆயிரம் வேலை, அவசரத்துல பாத்தேன்.

மாமா: அப்புறம் இன்னொரு கை உப்பு அள்ளிப் போட்டே.

மச்சினி: மாமா...

மாமா: முந்தாநேத்து பூண்டு கருகி ஊரே நாறுச்சு. வாசல்லேர்ந்து ஓடி வந்து நான் அடுப்பை அணைச்சேன். நீ பக்கத்துலதான் கேரட் சீவிக்கிட்டு இருந்தே.

மச்சினி: அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?

மாமா: எதைச் சொல்ல? நீ என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே.

மச்சினி: ...காய்ச்சல் விட்டதிலேர்ந்து இப்படித்தான் மாமா. உப்பு, புளிப்பு, ஒண்ணும் தெரியல. வாசனையும் போச்சு. தானா திரும்பி வந்துடும்னாரு டாக்டர். எப்பன்னு கேட்டா பதில் இல்ல. இந்த அடுப்புக்கு வர்றதுக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்... நாக்கு செத்த சமையல்காரியை யாரு வச்சுக்குவா?

மாமா: அழாதே. சூப்புல ஏற்கெனவே உப்பு ஜாஸ்தி.

மச்சினி: போங்க மாமா!

மாமா: அப்படிச் சிரி. இப்ப பாதி சூப்பை வேற சட்டிக்கு மாத்து. இன்னும் கொஞ்சம் பூசணியை உப்பில்லாம வேகவச்சு மசிச்சுச் சேரு, பாலை ஊத்து. நான் குடிச்சுப் பாத்துச் சொல்றேன். உனக்கு ருசி திரும்பற வரைக்கும் கை உன்னுது, நாக்கு என்னுது.

மச்சினி: முதலாளிகிட்ட?

மாமா: நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கறேன். முதல்ல ஒரு கிண்ணம் குடிக்கட்டும், அப்புறம் சொல்லு.

மச்சினி: பயமாத்தான் இருக்கு... சாயங்காலம் அந்த ஜன்னலோரக்காரர் வந்து மறுபடியும் கேட்டாருன்னா?

மாமா: ஐ ரெக்கமெண்ட் தி பம்ப்கின் சூப், சார்.

மச்சினி: அடேயப்பா! தண்ணி மாதிரி வருது! ...இருங்க, இருங்க. மாமா, இந்த வார்த்தை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? அப்ப அவர் கேட்டப்போ ஏன்...

மாமா: அவர் எங்க ரெக்கமெண்ட் கேட்டாரு? நேரா உன் சூப்பைத்தான் கேட்டாரு. நான்தான் ‘தீந்துபோச்சு சார்’னேன்.