ஐந்து மில்லி ஹென்றி

– மீட்டரை அணைச்சிட்டு இப்படி வந்து உக்காரு அம்மாடி. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. அண்ணன் சொல்றதைக் கொஞ்சம் காதுல வாங்கு.

– இன்னும் பதினோரு காயில் பாக்கி இருக்குண்ணா. பாத்துக்கிட்டே கேக்கறேன், சொல்லு.

– மாப்பிள்ளை போயி அஞ்சு நாள்தான் ஆகுது. உன்னை யாரு இன்னிக்கு வேலைக்கு வரச் சொன்னா?

– வீட்டுல இருந்தா அவரு சட்டை கொடியில தொங்கறது கண்ணுல படுது. இங்க நம்பர் மட்டும்தான். நூத்தி இருபது. சரியா இருக்கு. ம், சொல்லு.

– நாளைக்குக் காலைல விசாரணைக்கு வர்றாங்க. பம்ப் ஹவுஸ்ல மாப்பிள்ளை உசிரை வாங்கின மோட்டார் பெட்டி ஏன் வெடிச்சுதுன்னு கேப்பாங்க. அதுக்குள்ள இருந்த காயில் நம்ம பட்டறைல சுத்தினதாச்சே.

– தெரியும். நான்தானே பாஸ் பண்ணேன்.

– உன் மேல ஒரு தப்பும் இல்ல. இந்தா பாரு, இந்தப் புதுக் கார்டுல உன் கையெழுத்தை மட்டும் போட்டுக் குடு. மத்ததை நான் பாத்துக்கறேன்.

– இதுல ஐயாயிரம்னு இருக்கே. அன்னிக்கு நீ எழுதிக் குடுத்தது ஐநூறு.

– ஐயாயிரம்தானே சரி?

– சரிதான். கம்பெனி அனுப்பின வரைபடத்துல காயிலோட அளவு அஞ்சு மில்லி ஹென்றி. ஒரு மில்லிக்கு ஆயிரம் மைக்ரோ, அப்ப அஞ்சுக்கு ஐயாயிரம். இந்த மீட்டர் மைக்ரோவுலதான் காட்டும்னுதானே நீ படத்தைப் பாத்து மாத்தி எழுதித் தர்றே. சுத்தறவங்களும் சரி, நானும் சரி, படத்தைப் பாக்கறதே இல்ல. கார்டுல இருக்கறதும் மீட்டர்ல வர்றதும் ஒண்ணா இருந்தா பச்சை ஸ்டிக்கர்.

– எனக்கே பாடம் எடுக்கறியா?

– இல்லண்ணா. எப்படி ஐநூறு ஆச்சுன்னு அஞ்சு நாளா யோசிச்சுப் பாக்கறேன். உன்னைக் கணக்கு வராதவன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

– கணக்கை எங்க போட்டேன்! அந்தக் கம்பெனிப் படத்துல எப்பவும் அஞ்சு, புள்ளி, மூணு சைபர்னு இருக்கும். புள்ளியை எடுத்துட்டா அதுவே மைக்ரோ. ஆறு வருஷமா அப்படித்தான் எழுதறேன். இந்த ஒரு படத்துல எவனோ ரெண்டு சைபரோட நிறுத்திட்டான். நான் பாட்டுக்குப் புள்ளியை எடுத்துட்டேன்.

– ஓ.

– ஓங்கறே. நாலு வார்த்தை திட்டேன். திட்டினாக்கூடத் தேவலையே.

– திட்டத் தோணலண்ணா. எதுவும் தோண மாட்டேங்குது. நூத்திப் பத்தொம்பது. இதுவும் போகலாம்.

– இந்தா பாரு, என்னை உள்ள தூக்கி வெச்சிட்டா உங்க அண்ணி ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு எங்க போவா?

– அண்ணி நேத்தும் வந்து எனக்கு ஊட்டி விட்டுட்டுப் போனாங்க. மறக்கல.

– அப்பக் கையெழுத்தைப் போடு.

– போட்டா? கார்டு சரியா இருக்கு, காயில் மட்டும் எப்படித் தப்பாச்சுன்னு கேக்க மாட்டாங்களா?

– இங்கேருந்து சரியான காயில்தான் போச்சும்பேன். அங்க பழைய சாமான்ல கிடந்த வேற ஒண்ணை எடுத்து மாட்டிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்.

– யாரு மாட்டினா?

– வேற யாரு இருந்தா அங்க. மாப்பிள்ளைதான்.

– இருபது வருஷம் ஃபிட்டர் வேலை பாத்தவருண்ணா.

– இருக்கட்டும். இனிமே அவருக்குப் பேரு கெட்டா என்ன, கெடாட்டி என்ன? வயித்தெரிச்சலோடதான் சொல்றேன். கூடப் பொறந்த தம்பியைவிட ஒரு படி மேல இருந்தாரு எனக்கு.

– அழாதே. துண்டால மூஞ்சியைத் தொடைச்சுக்கோ. சாப்பிடப் போனவங்க வந்துடுவாங்க.

– மாப்பிள்ளை அவசரக்காரர்னு ஊருக்கே தெரியும். பாக்காம மாட்டிட்டாருன்னா எல்லாரும் நம்புவாங்க. அம்மாடி, நெசமாச் சொல்றேன், நானே நம்பறேன். அந்தக் காயில்ல மூணுல ஒரு பங்கு சுத்துகூடக் கிடையாது. கையில எடுத்து ஒரு நிமிஷம் நின்னு பாத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

– பாத்தாரு.

– என்ன சொல்றே?

– பாத்தாருண்ணா. மாட்டறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணாரு. காயில் ரொம்ப லேசா இருக்கு, கார்டைப் பாக்காதே, அண்ணன் ரூமுக்குப் போயி படத்தை எடுத்து ஒரு தடவை பாத்துச் சொல்லுன்னாரு.

– எங்கிட்ட யாரும் படம் கேக்கலையே அன்னிக்கு.

– கேக்கல. இந்தக் கார்டை எடுத்துக்கிட்டுப் போயிடு, நான் போட மாட்டேன். அன்னிக்கு இதே மாதிரி நிறைய காயில் பாக்கி இருந்துச்சு. எழுந்திரிக்கச் சோம்பலா இருந்துச்சு. இதே நாற்காலியில உக்காந்துக்கிட்டு, 'படத்தைப் பாத்துட்டேன், சரியாத்தான் இருக்கு, மாட்டுங்க'ன்னு நான்தான் சொன்னேன்.