எலும்புக் குழலுக்கு ஒரு சாட்சி

— “...திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்தே முக்கால் மணி. அங்கே இருந்தவர்கள்: ஒன்று, என் மனைவி ஆர்லீனா டக்கெட், வெள்ளை ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து. இரண்டு, டெல்பர்ட் டக்கெட் ஆகிய நான், அவளுக்குப் பத்தடி பின்னால், விழுந்து கிடந்த மரத்தின் மேல். மூன்று, ஓடைக்கு அந்தப் பக்கம், எங்கள் கண்ணில் படாமல்...” இந்த மூணாவது ஆளு பேரப் போடவா, ஆர்லீனா?

— போடாத. “ஒரு வேட்டைக்காரர்”னு எழுது. பாவம், மானம் போயிடும் மனுஷனுக்கு.

— பேரில்லாத சாட்சிய எவன் ஒத்துக்குவான்? வான்கோழிக் குரல் போட்டிக் குழு ரெண்டு வருஷமா நம்ம விண்ணப்பத்தத் திருப்பி அனுப்புது. “கணவரின் சாட்சி செல்லாது. காட்டில் உங்கள் அழைப்பைக் கேட்ட வேறொருவர் கையெழுத்திட வேண்டும்.” இன்னைக்குத் தபாலோட கடைசி. வரிசையா யோசி.

— பதினேழு வருஷமா இந்த வான்கோழிச் சிறகெலும்புக் குழல உறிஞ்சிப் பெட்டை மாதிரிக் கூப்பிடுறேன், டெல்பர்ட். இந்த மலையில இருக்குற வான்கோழிச் சேவல் அத்தனையும் என் குரலுக்கு வந்திருக்கு. மேடையில ஏற மட்டும் சீட்டு வேணுமாம்!

— இரு, வண்டி நிக்குது. ஹார்லன் ஸ்ட்ரவுட்! நம்ம மூணாவது ஆளேதான். வாடா ஹார்லன், காபி சூடா இருக்கு.

— காபி கெடக்கட்டும் டெல்பர்ட். என்னடா எழுதுற? என்னைப் பத்தியா?

— ஆமா. பயப்படாத, பேரு போடல.

— ஏன் போடல?

— உங்களுக்கு எதுக்குச் சங்கடம், ஹார்லன்? நாலு தடவ மாவட்டப் போட்டியிலயே ஜெயிச்ச ஆளு. பிள்ளைங்களுக்கு வேட்டைப் பாடம் எடுக்குறீங்க...

— என்ன பாடம் எடுக்குறான் சொல்லு ஆர்லீனா! “பெட்டைக் குரல் கேட்டா அதை நோக்கி நகராதே, அங்க இன்னொரு வேட்டைக்காரன் உக்காந்திருப்பான்.” மொத நாள் மொத வரியே அதுதான்!

— சிரிடா, நல்லாச் சிரி. மேட்டுல ஒரு சேவல் கத்துச்சு. இந்தப் பக்கம் ஒரு பெட்டை கூப்பிடுது. பெட்டைக்குப் பக்கத்துல போய்ப் படுத்துக்கிட்டா சேவல் தானா வரும்னு கணக்குப் போட்டேன். சொன்னா நம்பு, அந்தக் குரல்ல ஒரு சந்தேகத்துக்குக்கூட எடமில்லடா. தூக்கம் கலைஞ்சு மரத்த விட்டு எறங்குற பெட்டை, அப்படியே.

— அதான் பேரே வேண்டாங்குறேன், ஹார்லன்.

— நீ சும்மா இரு ஆர்லீனா. “ஒரு வேட்டைக்காரர்”னு போட்டா, எவனோ காது கேக்காத கெழவன் ஏமாந்தான்னு சிரிப்பானுங்க. ஹார்லன் ஸ்ட்ரவுட்னு போட்டுப் பாரு. “அவனையே தவழ விட்ட குரலா!”னு வாயப் பொளப்பானுங்க. சொன்னா நம்பு, சொத்தைக் குரலுக்கு நான் மண்டி போட்ட ஆளில்ல. எழுதுடா.

— சரி, வரிசையாச் சொல்லு.

— “ஹார்லன் ஸ்ட்ரவுட் ஆகிய நான், நான்கு முறை மாவட்ட வெற்றியாளன், உயிருள்ள பெட்டை என்று நம்பி நாற்பது நிமிடம் தவழ்ந்து சென்றேன்.” எழுதிட்டியா? “புதருக்கு அந்தப் பக்கம் மனிதக் குரலில் ‘காலை வணக்கம், ஹார்லன்’ என்று கேட்ட பிறகே நின்றேன்.”

— அதுகூட வேணுமாடா?

— அதுதான்டா முக்கியம்! குடு, கையெழுத்துப் போடுறேன். நீ அடுத்த வாரம் மேடையில என்னை எதுத்து நிப்ப, ஆர்லீனா. விட்டுக்குடுத்தெல்லாம் வாசிக்க மாட்டேன், தெரிஞ்சுக்க.

— விட்டுக்குடுத்தாத்தான் கோவிச்சுக்குவேன், ஹார்லன்.

— டெல்பர்ட், உறைய நல்லா ஒட்டு. ஓரமா இன்னொரு தடவ நக்கு. தபால்காரர் ரோட்டு வளைவுலதான் இருப்பாரு, நானே கையில குடுத்துட்டுப் போறேன்.

— பாத்துப் போடா... நல்ல மனுஷன், ஆர்லீனா. பெரிய மனசு.

— ஆமா. வண்டி நின்னுச்சா? குடுத்துட்டாரா?

— குடுத்துட்டான். தபால்காரர் பைக்குள்ள போட்டாச்சு. கெளம்பிட்டாரு.

— அப்பச் சொல்லலாம். பத்தாவது நிமிஷமே அது ஹார்லன்னு தெரியும் எனக்கு. எந்த வான்கோழி புதருக்குள்ள தொண்டையச் செருமும்?

— அடிப்பாவி! அவன் கையில துப்பாக்கி இருந்துச்சேடி!

— எந்திரிச்சுக் குறி பாத்தா ஆளு இருக்குன்னு தெரியட்டும்னு தலைக்கு மேல ஆரஞ்சுத் துணி கட்டுனேன்ல? என் துப்பாக்கியக் குண்டெடுத்துக் கீழ வச்சேன்ல? அவரும் சேவலோட நெஞ்சுல தொங்குற தாடி கண்ணுல படாம விசையில வெரல வைக்கிற ஆளில்ல.

— மேட்டுல அவ்ளோ பெரிய சேவல் கத்திக்கிட்டு நின்னுச்சே! அத விட்டுட்டு, மிச்ச அரை மணி நேரமும் ஹார்லனையா கூப்பிட்டுக்கிட்டு இருந்த?

— அந்தச் சேவல் வந்தாக் கையெழுத்தா போடும், டெல்பர்ட்?