அரைக் கட்டை தாழ்ந்த சுருதி

பாராட்டு விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் சண்முகத்தாய் அம்மையார் அவர்களே, எங்கள் கச்சேரிக்கு மண்டபம் தந்த திருவில்லிபுத்தூர்ப் பெரியவர்களே, நேற்று மழையில் நனைந்து வந்து ஈரப் புடவையோடு இருந்து கேட்ட தாய்மார்களே, கேட்டுப் புரிந்துகொண்ட அறிஞர்களே, புரியாமலே கைதட்டிய, என் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமான நண்பர்களே! ராஜபாளையத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிற, பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று அடித்தொண்டையில் பாடுகிற ராஜரத்தினத்தின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

பரோக் இசை என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே ஐரோப்பாவில் முழங்கிய இசை. அதை அந்தக் காலத்து வாத்தியங்களோடே பாட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் எங்கள் குழுவை நடத்தும் ஞானராஜ். பகலில் வங்கி வேலை, மாலையில் எங்களோடு மல்லுக்கட்டு. பாடியவர்கள் யார்? மில்லில் நூல் நூற்கிறவர், மருந்துக்கடையில் நிற்கிறவர், பள்ளியில் கணக்கு நடத்துகிறவர். வாசித்தவர்கள் யார்? கிருஷ்ணன்கோவில் கல்லூரி ஆசிரியை ஜெயசித்ராவும் அவர் திரட்டிய தோழர்களும். அவர்கள் வயலினில் எஃகுத் தந்தி கிடையாது, ஆட்டுக்குடலைத் திரித்த நரம்பு. ஆமாம் அம்மா, குடலேதான். முன்வரிசையில் முகம் சுளிக்காதீர்கள். நேற்று நீங்கள் கண்ணைத் துடைத்தது அந்தக் குடல் பேசியபோதுதான்.

ஆனால் நான் பேச வந்தது வாத்தியத்தைப் பற்றி அல்ல. ஒரு தொண்டையைப் பற்றி.

நேற்று தனித்து நின்று பாடிய செலினாவைப் பார்த்தீர்கள். மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்யும் ஆலையில் வேலை பார்க்கிறவர். எங்கள் குழுவில் எட்டாத உயரத்தை எட்டிப் பிடிக்கும் குரல் அவருடையது. சென்ற ஆண்டு அவர் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. மதுரையில் மருத்துவர் பார்த்துவிட்டு, எடுத்தே ஆக வேண்டும் என்றார். குரலுக்குப் போகும் நரம்பு அந்த இடத்தை ஒட்டியே ஓடுகிறது, கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் உறுதி சொல்ல முடியாது என்றார். பாடுகிற ஒருத்திக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்?

அறுவை நடந்தது. பயப்பட்ட நோய் இல்லை என்று முடிவு வந்தது. வீடே அழுது, வீடே சிரித்தது. ஆனால் செலினாவின் வாயிலிருந்து வந்தது காற்று, வெறும் காற்று. கணவர் சாம்சன் அவர் உதட்டைப் பார்த்துப் பேச்சை அறிந்துகொண்டார். வாரங்கள் போகப் போகப் பேச்சு வந்தது, மெல்லப் பாட்டும் வந்தது. உச்சி மட்டும் வரவில்லை. ஒத்திகையில் தேவாலயத்துப் பியானோவுக்கு இசைந்து பாடுவார். ஏறுவார், ஏறுவார், கடைசி ஸ்வரத்தில் குரல் உடையும். நாங்கள் தாளைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொள்வோம்.

ஒரு மாலை அவரே ஞானராஜிடம் போய் நின்றார்.

“என் பாட்டை வேற ஆளுக்குக் குடுத்துருங்கண்ணே. நான் பின்வரிசையில நின்னுக்கிடுதேன்.”

“வாத்தியக்காரவிய வந்து சேரட்டும் தங்கச்சி. பொறவு பேசிக்கிடுவோம்” என்றார் ஞானராஜ். இந்த மனிதர் ஏன் இழுத்தடிக்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

வாத்தியக் குழு வந்தது. முதல் கூட்டு ஒத்திகை. செலினா கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். அந்த ஸ்வரம் வந்தது. உடையாமல், ஒடியாமல், ஒளியைப் போல வந்தது. பாடி முடித்தவர் தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். குணமாகிவிட்டது என்றே நம்பிவிட்டார்.

அப்போது ஜெயசித்ரா உண்மையைச் சொன்னார். இந்த வாத்தியங்களைப் பியானோவைவிட அரைக் கட்டை தாழ்த்தித்தான் சுருதி சேர்ப்பார்கள் என்று. அதைத்தான் ஞானராஜ் மனத்தில் வைத்திருந்தார். அந்த அரைக் கட்டையும் போதாமல் போனால் அந்தப் பெண் இரண்டாம் முறை உடைந்துபோவாளே என்றுதான் வாய் திறக்கவில்லை.

செலினாவின் முகம் வாடிவிட்டது. “அப்போ நான் பாடலையா? எனக்காக இறக்கிட்டீயளா?”

“யாருக்காகவும் இறக்கலக்கா” என்றார் ஜெயசித்ரா. “இந்தப் பாட்டு பிறந்த காலத்துல இந்த வாத்தியங்களுக்கு இதுதான் உயரம். பின்னால வந்தவங்கதான் ஏத்திக்கிட்டாங்க. நீங்க பாடுனது முழுப் பாட்டு.”

செலினா பாட்டுத் தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். பிறகு, இன்னொரு தடவை பாடலாமா என்று கேட்டார்.

நேற்று என்ன ஆயிற்று? மழை ஈரத்தில் நரம்பெல்லாம் சொன்னபடி கேட்கவில்லை. செலினா எழுந்து நின்ற நேரம் பார்த்து ஜெயசித்ராவின் வயலினில் ஒரு நரம்பு பட்டென்று அறுந்தது. புது நரம்பு கட்டி முறுக்கும் வரை செலினா அத்தனை பேருக்கு முன்னால் தனியாக நின்றார். உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. தண்ணீர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வயலின் தொடங்கியது, குரல் எழுந்தது, ஏறியது, இன்னும் ஏறியது, உச்சியில் போய் நின்றது! அடுத்து நாங்கள் பாட வேண்டிய வரி எனக்கு மறந்தே போயிற்று. ஞானராஜ் கையை ஆட்டி ஆட்டி என்னை அழைத்தாராம். நான் எங்கே பார்த்தேன்?

பெரியோர்களே, ஒரு குரல் திரும்பி வந்தது என்பதற்குக் கச்சேரி மட்டுமா சாட்சி? இன்று காலை சாம்சன் எனக்குப் போன் செய்தார். கீரை விற்கிற அம்மா தெருமுனைக்கே போய்விட்டாராம். செலினா வாசலில் நின்று, “ஏ கீரை, செத்த நில்லுங்க” என்று கூப்பிட்டிருக்கிறார். தெருமுனையில் அந்த அம்மா திரும்பிப் பார்த்தாராம். இதை எனக்கு இரண்டு தடவை சொன்னார் சாம்சன்.

அந்தக் கழுத்தைக் காத்த மருத்துவருக்கும், அவசரப்படாத ஞானராஜுக்கும், அறுந்த நரம்பைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் நன்றி. கூப்பிட ஒரு குரலும், கேட்டுத் திரும்ப ஒரு முகமும் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் நிலைத்திருக்கட்டும். வணக்கம்.