சுவரில் மாட்டிய தலை

"ஒரு சிங்கத்த சுட்டாத்தான் மத்த சிங்கம்லாம் பொழைக்குமாம்!"

படப்பையில் ஷேர் ஆட்டோ கிளம்பியதும், எனக்கு எதிரே இருந்த உள்ளூர்க்காரர் பேப்பரைப் பார்த்துச் சொன்னார். அவரை நெருக்கிக்கொண்டு, கம்பெனி யூனிபாரத்தில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். பேச்சு திருநெல்வேலிப் பக்கம்.

"அது எப்படிண்ணே?"

"ஆப்பிரிக்காவுல தம்பி. பணக்காரன் காசு கட்டிட்டு கெழட்டு சிங்கமா பாத்து சுடுவான். அந்தக் காசுலதான் காட்டுக்குக் காவல் போடுறாங்களாம். ஒண்ணு போனா போவுது, கூட்டம் பொழைக்குதே. இன்னா தப்பு?"

"செத்தத என்ன செய்வாங்க?"

"தலைய அறுத்துகினு போயி வூட்டு செவுத்துல மாட்டிப்பான்."

இளைஞன் வெளியே பார்த்தபடி சொன்னான்.

"எங்க அண்ணன் இதே கம்பெனியில தகடு அழுத்துற பிரஸ் மிஷின்ல சிக்கிச் செத்துட்டான். அதுக்கப்புறந்தான் எல்லா மிஷினுக்கும் தடுப்பு போட்டாங்க. 'உங்க பிள்ளையால மத்தவங்க பொழைச்சாங்கம்மா'ன்னு எங்கம்மாட்ட வந்து சொன்னாங்க. அவன் வேலைய எனக்குக் குடுத்தாங்க."

"அய்யோ. அது வேற, இது வேற தம்பி."

"அவன் போட்டோவையும் செவுத்துலதான் மாட்டியிருக்காங்கண்ணே. கீழ 'பாதுகாப்பே முதல்'னு எழுதியிருக்கு. ஷிப்டு தொடங்கும்போது எல்லாரும் அதப் பாத்து கைய நீட்டி உறுதிமொழி எடுக்கணும்."

உள்ளூர்க்காரர் பேப்பரை மடித்துவிட்டார்.

"நீயுமா நிக்கிற?"

"முன்வரிசையில நிக்க வைக்காங்கண்ணே. கூடப்பொறந்தவம்லா."