லிண்டன்பாக்கில் யாரும் பயிற்சிக்கு வரவில்லை

ஹலோ... ஹலோ, லோரி? கேக்குதா?... ஆமா, நான்தான், வெண்டல்தான். புருஷன் குரல் கூடவா மறந்து போச்சு?... இல்லம்மா, ஒண்ணும் ஆகல. கை கால் எல்லாம் முழுசா இருக்கு. அஞ்சு நிமிஷம் பேசலாமா?... பல் பிடுங்க ஆள் வந்து உக்காந்திருக்காரா? உக்காரட்டும். என் வலிக்கு முன்னாடி அவர் வலியெல்லாம் ஒரு வலியா?... சரி, சரி, கத்தல. மெதுவாப் பேசறேன்.

நான் லிண்டன்பாக் மைதானத்துல நிக்கறேன்... தனியா... தனியான்னா தனியாத்தான் லோரி! முப்பத்தெட்டு பேர் ஆறு மணிக்கு வரணும். மணி இப்ப ஆறரை. ஒருத்தன், ஒரே ஒருத்தன் கூட வரல. சனிக்கிழமை எங்க அமெரிக்கன் ஃபுட்பால் சீசனோட முதல் மேட்ச். நாலே நாள்தான் இருக்கு... இல்ல, லீவு இல்ல. நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். இந்த ஜெர்மன்காரங்களுக்கு ஈஸ்டருக்கு முன்னாடி ஒரு லீவு, பின்னாடி ஒரு லீவு. காலண்டரைப் பாத்துட்டேன். இன்னிக்கு வெறும் செவ்வாக்கிழமை.

...மழையா? மழையெல்லாம் இவங்களை ஒண்ணும் பண்ணாது. போன வாரம் ஆலங்கட்டி விழுந்தப்போ கூட வந்தாங்க. வந்து, முப்பத்தெட்டு பேரும் முப்பத்தெட்டு பேருக்கும் கை குடுத்தாங்க... ஆமா, தினமும். கை குடுக்காம ஒருத்தன் ஹெல்மெட்டைத் தொட மாட்டான். அதுக்கே கால் மணி நேரம் போயிடும். போன சனிக்கிழமை முகாம்ல என்ன நடந்துச்சு தெரியுமா? நாலு மணி அடிச்சதும் பாதிப் பயிற்சியில எல்லாரும் நடந்து போறாங்க. எங்கடான்னு பாத்தா, கேக். மேஜை போட்டு, துணி விரிச்சு, கேக்கும் காபியும். நான் விசில் ஊதறேன், அவனவன் மீசையில க்ரீமோட 'இதோ வந்துட்டோம் கோச்'ங்கறான்... சிரிக்காத. லோரி, சிரிக்காத.

...எகோனா? போன் பண்ணிட்டேன், எடுக்கல... அதான், கிளப் தலைவர். டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்காரே. அந்த ஸ்கூல் மாடியிலதான் நமக்கு வீடு குடுத்திருக்கார்... ஆமா, அவரேதான். நாப்பத்தாறு வயசு, இன்னும் முன் வரிசையில ஆடறார். ஆடறார்னா, நிக்கறார். எதிராளி அவரைச் சுத்திக்கிட்டுப் போயி பந்து வெச்சிருக்கற நம்ம பையனைக் கீழ தள்ளினப்புறம் மெதுவாத் திரும்பிப் பாக்கறார்.

...சரி, அவங்க வராட்டி நானே சாமானை எடுத்து வெக்கலாம்னு ஷெட்டுக்குப் போனேன். பூட்டு. சாவி டெட்லெஃப்கிட்ட. அவன்தான் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடறவன். கோடும் போடல. புல்லு மேல ஒரு வெள்ளை கூட இல்ல, இது ஃபுட்பால் மைதானமா மாடு மேயற இடமான்னு தெரியல. லைட்டும் எரியல, அந்த சுவிட்சும் ஷெட்டுக்குள்ள. துவைச்ச ஜெர்சி எல்லாம் எகோன் பொண்டாட்டிகிட்ட. அவங்களும் போனை எடுக்கல.

...என்ன கேக்கற? நான் என்ன பண்ணேனா? நான் ஒண்ணும் பண்ணல!... ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல... எப்படி லோரி நீ அங்க உக்காந்துக்கிட்டு...

சரி. ஒரு லிஸ்ட் ஒட்டினேன்.

...டிரஸ் மாத்தற ரூம் கதவுல. நேத்து ராத்திரி. பதினோரு பேர் பேரு. 'இவர்கள் அணியில் இல்லை, சாமானைத் திருப்பித் தரவும்'னு... ஏன்னா என்ன, நம்ம ஊர் நெப்ராஸ்கா ஸ்கூல்ல பதினாறு வருஷம் அப்படித்தானே செஞ்சேன்? முகாம் முடியற அன்னிக்குக் கதவுல லிஸ்ட். பேர் இருக்கறவன் வீட்டுக்குப் போவான், அழுவான், அடுத்த வருஷம் ரெண்டு மடங்கு உழைச்சு வருவான். எந்தக் கோச்சும் அதைத்தான் பண்ணுவான்... யாரு யாருன்னா? ஆட்டம் வராதவங்க. டெட்லெஃப் இருக்கான். அவன் பந்தை உதைச்சா அது முன்னாடிதான் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது... வேற... ம்... எகோன்.

...ஆமா. எகோன்தான்.

...கத்தாத! பேஷன்ட் இருக்காருன்னு நீதானே சொன்ன?... தெரியும், வீட்டுக்காரர்னு தெரியும். வீடு குடுத்தவருக்காக முன் வரிசையில ஓட்டையை விட முடியுமா?... நான் எங்க நெனச்சேன் அவர் பேரை எடுத்தா டெட்லெஃப் சாவியைக் குடுக்க மாட்டான், டெட்லெஃப் பேரை எடுத்தா மத்தவன் வர மாட்டான்னு? இவங்க யாரும் சம்பளத்துக்கு ஆடல லோரி. பள்ளிக்கூடத்துப் பசங்களும் இல்ல. ஒருத்தன் எலக்ட்ரீஷியன், ஒருத்தன் தபால்காரன். கிளப்பே இவங்களோடது. நான்தான் வெளியாள்... இப்பதான் தெரியுது. நேத்து தெரியல. போதுமா?

...இரு, இரு, யாரு அது பேசறது?... பில் கட்ட வந்திருக்காங்களா? பாத்துட்டு வா, நான் இருக்கேன்.

...ம்... ம்...

...ஆங், சொல்லு. இல்ல, நான் சொல்றேன், நீ கேளு. கோவப்படாம கேளு. இவங்க என்னை அனுப்பிடுவாங்கன்னு நெனைக்கிறேன். அனுப்பினா அந்த வீடும் போச்சு. அதனால... வியாழக்கிழமை நீங்க ரெண்டு பேரும் இங்க வர டிக்கெட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சா... ஒரு ரெண்டு வாரம்...

லோரி, லோரி, கத்தாத.

...தெரியும்... தெரியும், பெட்டி கட்டிட்டீங்க... வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வராங்க, தெரியும்... நம்ம டெஸ் குட்டி கிளாஸ்ல எல்லார்கிட்டயும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டாளா? அதை நீ சொல்லல... போலந்து கிளப்புல குடுத்த வீட்டுல ஹீட்டர் இல்ல லோரி, எட்டு வயசுக் குழந்தையை... சரி, அப்ப ஆறு வயசு. இத்தாலியில அடுத்த மாசம் வான்னு சொன்னேன், உண்மைதான், அடுத்த மாசம் கிளப்பையே மூடிட்டாங்க, நானா மூடினேன்?... இது மூணாவது தடவை, நான் எண்ணத் தெரியாதவன் இல்ல...

என்ன சொன்ன?

...இல்ல, திருப்பிச் சொல்ல வேணாம். கேட்டுச்சு.

...இப்ப வராதன்னு சொன்னா இனிமே வரட்டுமான்னு நீ கேக்கவே மாட்ட. அதானே?... கோவத்துல சொல்றியா, நெஜமாச் சொல்றியா?... சரி.

...என்ன கடுதாசி?... எந்த... ஓ.

...அதை ஏன் இப்ப எடுக்கற?... ஆமா. ஸ்கூல்ல என் தபால் டப்பாவுல வெச்சிருந்தாங்க. மடிக்காம கூட வெச்சிருந்தாங்க. 'தங்கள் சேவை தேவையில்லை'... ஆமா, பிரின்ஸிபால் ரூம் பக்கத்துலதான். எட்டு அடி. கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... நம்ம வீட்டு வாசல்ல ரெண்டு மணி நேரம் காருலயே உக்காந்திருந்தேனா? நீ பாத்தியா?... ஜன்னல் வழியாவா? அன்னிக்கு எதுவுமே சொல்லலியே நீ... ம்... ம்.

...அதே மாதிரியா?

...ஆமா. நேத்து ராத்திரி அதேதான் நானும் பண்ணேன். பதினோரு பேருக்கு. எகோன் ஆஃபீஸ் மாடிப்படிக்குக் கீழதான் இருக்கு. ஏறும்போது பாத்தேன், லைட் எரிஞ்சது. நான் கதவைத் தட்டல.

...இரு. ஒரு கார் வருது. மேல டிரைவிங் ஸ்கூல் பலகை. எகோன்தான். பக்கத்துல டெட்லெஃப். பின்னாடி இன்னொரு கார்... இன்னொண்ணு... அய்யோ, வரிசையா வராங்க லோரி. மொத்த டீமும் வருது... அடிக்க மாட்டாங்க. ஜெர்மன்காரங்க அடிக்க மாட்டாங்க, மீட்டிங் போடுவாங்க. நீ வெக்காத, லைன்லயே இரு. போனைக் கீழ இறக்கறேன்.

எகோன்... ஆமா, போன்லதான், என் மனைவி. இருக்கட்டும், அவளும் கேக்கட்டும்... மீட்டிங் போட்டீங்களா? எங்க?... டிரைவிங் ஸ்கூல் கிளாஸ் ரூம்லயா? எல்லாருமேவா?... ஓட்டும் எடுத்தாச்சா. சரி. நீங்க என்ன முடிவு பண்ணியிருந்தாலும் படிக்கலாம், அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். இல்ல, முதல்ல நான். நேத்து உங்க கதவைத் தட்டியிருக்கணும். உக்காந்து, மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருக்கணும். டெட்லெஃப், உன்கிட்டயும்தான். எனக்கு ஒருத்தன் அதைப் பண்ணான், எப்படி இருக்கும்னு தெரிஞ்சே நான் பண்ணேன். தப்பு. மன்னிச்சுக்குங்க... அவ்வளவுதான். படிங்க.

...ம்... ம்... புரியல, மெதுவா... ஓ... ஓஹோ.

லோரி, கேக்குதா? ஓட்டு முப்பத்தஞ்சுக்கு மூணு... எனக்கு எதிரா இல்ல, இரு! மைதானத்துல யார் இறங்கணும்கறது கோச் இஷ்டமாம். கிளப்புல யார் இருக்கணும்கறது கோச் இஷ்டம் இல்லையாம். அவ்வளவுதான் தீர்மானம்... அந்த மூணு யாரா? எகோன் சொல்றார், மூணுல ஒண்ணு அவராம், கோவத்துல எதிரா போட்டாராம்... 

என்ன எகோன்?... பெஞ்சுல உக்காரச் சொல்லியிருந்தா உக்காந்திருப்பீங்களா?... ஜெர்சி போட்டுக்கிட்டு உக்காந்தா போதுமா?... இல்ல, நீங்க மெதுவாத்தான் ஓடறீங்க, ஆமா... உங்களுக்கே தெரியுமா?... தெரிஞ்சுக்கிட்டு ஏன் மனுஷா என்கிட்ட சொல்லல?... நான் கேக்கலியா. ஆமா. நான் கேக்கல.

லோரி, ஒரு ஃபாரம் நீட்டறார். கிளப்புல உறுப்பினர் ஆகணுமாம் நான். உறுப்பினர் அல்லாதவர் உறுப்பினரை நீக்க முடியாதுன்னு விதியில இருக்காம்... உறுப்பினர் ஆனா நீக்கலாமான்னு கேட்டேன். ஆனாலும் முடியாதாம்!... ஆனா உறுப்பினரை யாரும் சும்மா அனுப்பிட முடியாது, அதுக்குத்தான்னு சொல்றார். வருஷத்துக்குப் பத்து மணி நேரம் வேலை செய்யணுமாம். கோடு போடறது, புல் வெட்டறது. டெட்லெஃப் கத்துத் தரேங்கறான்.

...எங்க கையெழுத்து?... சரி... இது என்ன, ரெண்டு கட்டம்?... தனி ஆள்... குடும்பம். எகோன் கேக்கறார் எதுல போடப் போறீங்கன்னு.

...இல்ல, உன்கிட்ட கேக்கல. நீ எதுவும் சொல்லாத. ரெண்டு தடவை எல்லாத்தையும் உன் தலையில போட்டுட்டு ஓடிட்டேன்... சொல்லாதன்னேன்ல லோரி.

எகோன், அந்தப் பேனா.

...குடும்பத்துல போட்டேன்.

...ஆமா, பேனாவுலதான், அழிக்க முடியாது... சனிக்கிழமை தோத்தாலும்தான். அந்தப் பதினோரு பேரையும் வெச்சுக்கிட்டு என்னத்த ஜெயிக்கப் போறேன், தோப்போம்... அழறியா?... சரி, அழு. டெஸ் பொறந்தது மே ஒன்பதா பத்தா?... தெரியும்மா, எனக்குத் தெரியாதா, ஃபாரத்துல தப்பா எழுதிடக் கூடாதுல்ல, அதான்... பத்து. எழுதிட்டேன். லோரின்னு சுருக்கி இல்ல, உன் பேரை முழுசா எழுதறேன், அதுல ரெண்டு 'டி' வரும்ல?...

வா லோரி. வியாழக்கிழமையே வா. ரெண்டு பேரும் வாங்க... ஆமா, நானேதான் சொல்றேன்.

வெச்சுடறேன்.