நொத்தாரிசு என்னை வெளியிலை விட்ட கதை

…இல்லைத் தம்பி, நீங்கள் காரைக் கழுவுங்கோ, கழுவுங்கோ, நான் உங்களைக் குழப்பேல்லை. எனக்கு இந்த இடத்தை விட்டு அசையேலாது, அதுதான் பிரச்சினை. அந்தா எங்கடை முன் யன்னல் தெரியுதெல்லே? சீலை விலத்திக் கிடக்குது பாருங்கோ. அதுக்குள்ளாலை பாத்தால் நான் முழுசாத் தெரியவேணும். லோயற்றை ஓடர்! வீட்டுக்காரனைக் கொண்டுவந்து றோட்டிலை நிப்பாட்டி, அங்கை நில்லுங்கோ, கமராவிலை தெரியிற மாதிரி நில்லுங்கோ, கையைக் காட்டுங்கோ எண்டு… காட்டினனான். காட்டாமல் என்ன செய்யிறது? கண்டறியாத வீடியோக் கோல்!

ஜக்கெற்றும் உள்ளை. இந்த ஒஸ்ரேலியா யூலை மாசக் குளிருக்குள்ளை சறத்தோடை நிக்கிறன். போன் இருந்தாலாவது நேரம் போகும், அதையும் மகள் ராகவி பறிச்சுத் தன்ரை ஹாண்ட்பாக்கிலை போட்டுக்கொண்டு வேலைக்குப் போட்டாள். ‘யூ வில் கோல் அம்மா, டாட். ஐ நோ யூ’ எண்டாள். பாருங்கோ, பெத்த பிள்ளை கதைக்கிற கதையை. எடுத்திருப்பன்தான்… அது வேறை விசயம்.

நான் தேவராஜா. நீங்கள் போன கிழமை சாமான் இறக்கேக்கை வந்து கதைச்சனான், ஞாபகமே? பாலா எண்டு சொன்னனீங்கள். சொன்னனீங்களோ, நான்தான் தபால் பெட்டியைப் பாத்துக் கண்டுபிடிச்சனோ… ஓம் ஓம், அண்டைக்கும் நான்தான் கனக்கக் கதைச்சனான். என்ன செய்யிறது தம்பி, நான் பரமட்டாப் பக்கம் பஸ் ஓடின ஆள். டிரைவரோடை கதைக்க வேண்டாம் எண்டு பஸ்ஸுக்குள்ளை ஒட்டிக் கிடக்கும். டிரைவர் கதைக்கக் கூடாது எண்டு ஒரு இடத்திலையும் எழுதிக் கிடக்கேல்லை. நான் வடிவாத் தேடிப் பாத்தனான்.

என்ன விசயம் எண்டால், இணுவிலிலை ஒரு வீடு கிடக்கு. என்ரை மனிசி சிவமணிக்குச் சீதனமா வந்தது, உறுதிப் பத்திரம் அவவின்ரை பேரிலை. அதை வித்துப்போடுவம் எண்டு யோசினை. ஆற்றை யோசினையோ? எங்கடை யோசினைதான். என்ரை தம்பி விக்னராஜா அங்கை யாழ்ப்பாணத்திலை நிக்கிறான், விக்கிறதுக்கு அவனுக்கு அற்றோணித் தத்துவம், அதுதான் பவர் ஒஃப் அற்றோணி, எழுதிக் குடுக்கவேணும். அதுக்குச் சிவமணி ஒரு நொத்தாரிசுக்கு, அதுதான் நோட்டரிக்கு, முன்னாலை இருந்து கையெழுத்து வைக்கவேணும். அவ்வளவுதான். வாங்கிற ஆள் ரெடி. இந்தக் கிழமைக்குள்ளை பேப்பர் வராட்டி வேறை வீடு பாப்பனெண்டு நிக்கிறானாம். தம்பிக்காரன் விடிஞ்சால் பொழுதுபட்டால் எனக்கு மெசேஜ்.

ஏன் விக்கிறனீங்கள் எண்டு கேக்கேல்லையே நீங்கள்? கேளுங்கோவன். கரவான்! ஓம், காருக்குப் பின்னாலை கொழுவி இழுத்துக்கொண்டு போற வீடு. பாத்து வைச்சிட்டன் தம்பி. உள்ளுக்கை குட்டிக் குசினி, கட்டில், மடிக்கிற மேசை, எல்லாம் இருக்கு. இவ்வளவு காலமும் ஊராற்றை பிள்ளையளைத்தானே ஏத்தி இறக்கினனான்? இனி நானும் அவவும் ஒஸ்ரேலியாவை ஒரு சுத்துச் சுத்தவேணும். டார்வின், பேர்த் எண்டு நினைச்ச இடத்திலை நிப்பாட்டி, தேத்தண்ணி ஊத்திக் குடிச்சு… அவ என்ன சொன்னவவோ? அவவுக்கும் விருப்பம்தான். சொல்லேல்லை. ஆனால் வேண்டாம் எண்டும் சொல்லேல்லையே? எங்கடை வீட்டிலை அதுக்குப் பேர் விருப்பம்.

இந்த வீடியோ ஐடியா என்ரைதான், அதையும் சொல்லிப்போடுறன். பரமட்டாவிலை நரசிம்மன் எண்டு ஒரு இந்தியாக்காரத் தமிழ் லோயர், நொத்தாரிசும் அவர்தான். ஒஃபிசுக்கு வாங்கோ எண்டுதான் முதல் சொன்னவர். இஞ்சையிருந்து போக எவ்வளவு நேரம்? ஆனால் ஒஃபிசுக்குப் போனால் மனிசியை மட்டும் உள்ளை கூப்பிடுவினமாம், புருசன்மார் வெளியிலையாம். சிவமணி தனிய இருந்து என்னத்தைச் சொல்லப்போறா, பாவம், பயந்திடுவா எண்டு நினைச்சன். அப்பதான் அவர் வீடியோவிலையும் செய்யலாம் எண்டார். எனக்கு நல்ல சந்தோசம்! என்ரை வீடு, என்ரை லப்டொப், ஆர் என்னை வெளியிலை விடுறது? இப்ப நிக்கிறன், பாருங்கோ. ஒஃபிசிலை எண்டால் கதிரையாவது தந்திருப்பினம்.

இது மூண்டாந்தரம் தம்பி, முதல் தரம் நடந்ததைக் கேளுங்கோ. சிவமணி நல்ல சீலை உடுத்துக்கொண்டு இருக்கிறா, நான் பக்கத்திலை. ‘அம்மா, உங்க பேரைச் சொல்லுங்க’ எண்டார். நான் சொன்னன். ‘சார், அம்மாகிட்ட கேக்கறேன்’ எண்டார். சரி எண்டு இருந்தன். ‘இது என்ன டாக்குமெண்ட்னு உங்களுக்குத் தெரியுமா அம்மா?’ ஓம் ஓம், வடிவாத் தெரியும் எண்டன். ‘சார், நீங்க கொஞ்சம் வேற ரூமுக்குப் போங்க.’ போனனான் தம்பி, மரியாதையா எழும்பிக் குசினிக்குப் போனனான். அங்கை நிண்டால் எல்லாம் கேக்குது. ‘உங்க கொழுந்தனார் பேர் என்னம்மா?’ எண்டார். இவ யோசிக்கிறா! இவ்வளவு காலம் பழகின பேருக்கு என்ன யோசினை? நான் அங்கையிருந்து விக்னராஜா எண்டு கத்திப்போட்டன். லோயர் அப்பிடியே கோலைக் கட் பண்ணிப்போட்டார்.

சிரிக்கிறியள். சிரியுங்கோ. ரெண்டாந்தரம் இதைவிட மோசம்.

ரெண்டாந்தரம் சத்தம் போடுறேல்லை எண்டு முடிவெடுத்தன். சும்மா கிட்ட இருந்தால் காணும், தடுமாறினால் காலிலை ஒருக்காச் சுரண்டி விடலாம்… அதுக்காகச் சாப்பாட்டு மேசைக்குக் கீழை போய்க் குந்திக்கொண்டன். ஓம். இந்த வயசிலை. ஒரு பக்கம் அரிசிச் சாக்கு, மற்றப் பக்கம் வெங்காயப் பெட்டி, நடுவிலை நான். அவர் என்ன செய்தார் தெரியுமே? ‘அம்மா, லேப்டாப்பைத் தூக்கி ரூமை ஒரு சுத்து காட்டுங்க’ எண்டார். இவவும் தூக்கிக் காட்டுறா. மேசைக்குக் கீழை காட்டேல்லை, என்னைக் காட்டிக் குடுக்கேல்லை, நல்ல மனிசி. ஆனால் எங்கடை ஷோகேஸ் கண்ணாடி இருக்கே, பீங்கான் கோப்பையள் அடுக்கி வைச்சிருக்கிற அலுமாரி! அதுக்குள்ளை நான் முழுசாத் தெரியிறன். ‘சார், எழுந்து வாங்க’ எண்டார். எழும்பேலாது தம்பி! முழங்கால் பிடிச்சுப்போட்டுது, சறம் கதிரைக் காலிலை மாட்டிக்கொண்டுது. சிவமணி லப்டொப்பை வைச்சிட்டு வந்து ஒரு கையைப் பிடிச்சு இழுக்கிறா, லோயர் அதையும் பாத்துக்கொண்டிருக்கிறார்.

அண்டைக்கு அந்த மனிசன் கொஞ்சம் கடுமையாத்தான் சொன்னார். ‘சார், இந்த அம்மா தன்னோட விருப்பத்தில கையெழுத்துப் போடறாங்களான்னு பாக்கறதுதான் என் வேலை. மத்ததெல்லாம் ஒரு ரப்பர் ஸ்டாம்பு பண்ணிடும்’ எண்டார். எனக்குச் சரியான கோவம். நான் என்ன, அவவைக் கட்டி வைச்சோ கையெழுத்து வாங்கிறன்? அவவுக்குச் சரியாக் கதைக்க வராது, அதுக்குத்தான் நான் உதவி செய்யிறன். டொக்டரிட்டைப் போனால் எங்கை நோகுது எண்டு நான்தான் சொல்லுறது. கடையிலை சாப்பாடு ஓடர் பண்ணிறது நான்தான். கோயிலிலை அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் சொல்லுறதும்…

அது… கோயில் விசயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சரி, வாய் விட்டாச்சு. மாசத்திலை ஒருக்கா ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போறனாங்கள். இந்தமுறை நான் கார் விடப் போன நேரத்திலை ஐயர் அவவிட்டையே நட்சத்திரம் கேட்டிருக்கிறார், அவ பூராடம் எண்டிருக்கிறா. நான் வந்து, இல்லை ஐயா, பூரம் எண்டன். ‘பூராடம்’ எண்டா திரும்பவும். மெல்லமா. இவ்வளவு வருசமும் நான் பூரம் எண்டு சொல்லச் சொல்லப் பக்கத்திலை கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிண்டவ! ஏனப்பா சொல்லேல்லை எண்டால், ‘நீங்கள் விட்டால்தானே’ எண்டுறா. வேறை ஆரோ ஒரு பொம்பிளைக்கு இந்த ஊர்ப் பெருமாள் மாசம் தவறாமல் அருள் குடுத்திருக்கிறார், தம்பி. அவ எங்கையோ நல்லா இருப்பா.

ஹெலன்ஸ்பர்க் றோட்டு உங்களுக்குத் தெரியுமே? வளைவு வளைவா, பத்தைக் காட்டுக்குள்ளாலை போகும். சிவமணி ஒரு கையிலை பொலித்தீன் பையும் மற்றக் கையிலை தேசிக்காயும் வைச்சுக்கொண்டுதான் வருவா. காரிலை கொஞ்சத் தூரம் போனாலே அவவுக்குத் தலைசுத்து, சத்தி எடுப்பா. ஒரு தரம் பெற்றோல் ஷெட்டிலை நிப்பாட்டி…

என்ன?

இல்லை, நீங்கள் ஒரு பார்வை பாத்தியள். கரவானோ? கரவான் வேறை தம்பி, அது… அதுவும் றோட்டிலைதான் போறது. ஓம்.

ம்.

உங்கடை பைப்பிலை தண்ணி வீணாப் போகுது, பாருங்கோ.

ஏன் இவ்வளவு நேரம்? கேள்வி ரெண்டு மூண்டுதானே? பேர் கேக்கிறது, பாஸ்போட்டைக் காட்டுறது, கையெழுத்து வைக்கிறது, முடிஞ்சுது. இவ்வளவு நேரம் என்ன கதைக்கிறா? பொறுங்கோ… கேக்குதே? சிரிக்கிறா! உள்ளுக்கை சிவமணி சிரிக்கிறா தம்பி! லோயரோடை சிரிக்க என்ன கிடக்கு? நான் இவ்வளவு கதைக்கிற ஆள், நான் கதைச்சு அவ இப்பிடிச் சிரிச்சு நான் கேட்டதில்லை. மூக்கை உறிஞ்சிறன் எண்டு பாக்கிறியளோ? இல்லை இல்லை, குளிர்தான். அந்த இணுவில் வீட்டுக்கு ஓடு மாத்தினதும் அவதான், தெரியுமே? நேசிங் ஹோம் குசினியிலை வேலை செய்து, தன்ரை சம்பளத்திலை. நான் அந்தக் காசுக்குப் புதுக் கார் எடுப்பம் எண்டனான். அண்டைக்கும் ஒண்டும் சொல்லேல்லை. பேசாமல் ஓட்டை மாத்திப்போட்டா.

ஆ… கதவு திறக்குது. வாறா, வாறா! என்னப்பா, முடிஞ்சுதே? வைச்சிட்டீரே கையெழுத்து? பேப்பர் எங்கை, கொண்டாரும், இண்டைக்கே தபாலிலை…

என்ன?

வைக்கேல்லையோ? ஏன்? நெற் நிண்டுபோச்சே? …இல்லை? பாஸ்போட் சரியில்லையாமே? …அப்ப என்னெண்டு சொல்லுமன்!

தம்பி கேட்டியளே? ஆரும் உங்களை வற்புறுத்துகினமோ எண்டு லோயர் கேட்டவராம். எல்லாரையும் கேக்கிற கேள்விதானே, இல்லை எண்டு சொல்லிப்போட்டு வாறதுதானே… ஓம் எண்டு சொன்னவவாம்! ஓம் எண்டு! ஆரம்மா எண்டு அவர் கேட்டாராம். ‘போனமுறை ஷோகேசுக்குள்ளை தெரிஞ்ச ஆள்’ எண்டாவாம்.

அதுக்குத்தான் சிரிச்சவையாம்.

…தம்பி? பாலாத் தம்பி? இஞ்சை பாருமப்பா, வாளியையும் விட்டிட்டு ஆள் உள்ளை போட்டுது. எப்ப போச்சுது?

சரி. இருமன், இந்தப் படியிலை இரும். நானும் இருக்கிறன். எனக்கு அங்கை நிண்டு நிண்டு நாரி நோகுது. இல்லை, கோவம் இல்லை. தம்பிக்காரனுக்கு நான் சொல்லுறன். வாங்கிறவன் வேறை வீடு பாக்கட்டும், கரவானும் கடையிலை நிக்கட்டும், அது ஓடிப்போகாது… எண்டாலும் ஒரு சுத்து… சரி, அதை விடும்.

அப்ப… உமக்கு என்ன வேணும், சிவமணி?

என்ன அப்பிடிப் பாக்கிறீர்? கேக்கிறன். மெய்யாத்தான் கேக்கிறன். அந்த வீட்டை என்ன செய்யவேணும் எண்டு நினைக்கிறீர்? எனக்குத் தெரியும், நீர் இப்ப சொல்லப்போறது என்னெண்டால், ஊரிலை இருக்கிற உம்மடை தங்கச்சியின்ரை பிள்ளையளுக்கு…

சரி. சரி சரி, நான் வாயை மூடுறன்.

சொல்லும்.